ஓடாமலே 25 யார்டு! - அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 'கிக்-ஆஃப்' விதிகளை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

2010, அக்டோபர் 16. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணிக்கும் ஆர்மி அணிக்கும் ஆட்டம். கடைசிக் கால்பகுதி, ஸ்கோர் சமநிலை. ரட்கர்ஸ் அணி பந்தை உதைத்து அனுப்புகிறது. எதிரணியில் ஒருவர் அதைப் பிடித்து ஓடி வருகிறார். அவரை மடக்க முழு வேகத்தில் பாய்கிறார் 20 வயது எரிக் லெக்ராண்ட். ஒரு மோதல். விழுந்தவர் எழவே இல்லை.

கழுத்து எலும்புகள் முறிந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துபோனது. யாரும் அவரைக் குறிவைத்துத் தாக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமுறை நடக்கிற சாதாரண 'கிக்-ஆஃப்'தான் அது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, இந்த ஒரு உதையின் விதிகளை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்? மாற்றியதில் பலன் கிடைத்ததா? பார்க்கலாம்.

முதலில், கிக்-ஆஃப்னா என்ன?

நமக்குத் தெரிந்த கால்பந்தில் கிக்-ஆஃப் ரொம்ப சாதுவான விஷயம். நடுவில் பந்தை வைத்து, பக்கத்தில் இருப்பவருக்கு மெல்லத் தட்டிவிடுவார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் கதையே வேறு.

மைதானத்தின் நீளம் 100 யார்டு. ஒரு யார்டு என்பது 3 அடி. இரண்டு பக்கமும் 11 பேர். ஆட்டத்தின் இரு பாதிகளும் தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை புள்ளி எடுத்த பிறகும், ஓர் அணி தன் பக்கத்திலிருந்து பந்தை உதைத்து எதிரணியிடம் அனுப்ப வேண்டும். உதைத்த அணியின் மற்ற 10 பேரும் பந்தைத் துரத்தி ஓடுவார்கள். எதிரணியில் ஒருவர் பந்தைப் பிடித்து அவர்களை நோக்கியே ஓடி வருவார். அவர் எங்கே மடக்கப்படுகிறாரோ, அங்கிருந்துதான் அவருடைய அணி தாக்குதலைத் தொடங்கும். அதனால் அவருக்கு ஒவ்வொரு யார்டும் தங்கம்.

பந்து மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் ஓட வேண்டாம் என்று விட்டுவிடலாம். இதற்கு 'டச்பேக்' என்று பெயர். அப்படி விட்டால் குறிப்பிட்ட ஒரு கோட்டில் பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கலாம். இந்த டச்பேக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதி மாற்றங்களின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வழக்கமான ஆட்டத்தில் இரு அணியினரும் கையெட்டும் தூரத்தில் எதிரெதிரே நிற்பார்கள். மோதினாலும் வேகம் எடுக்க இடம் இருக்காது. கிக்-ஆஃபில் அப்படியில்லை. நாற்பது, ஐம்பது யார்டு திறந்த வெளி. 100 கிலோவைத் தாண்டும் வீரர்கள் இரண்டு திசைகளிலிருந்தும் முழு வேகத்தில் வந்து மோதுவார்கள்.

பள்ளியில் படித்த இயற்பியல்தான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஹெல்மெட் இருக்கிறதே என்று கேட்கலாம். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். ஆனா, மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் முழுசாகத் தடுக்க முடியாது. அந்தக் குலுக்கல்தான் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி.

இன்னொரு விஷயமும் உண்டு. கிக்-ஆஃபில் இறங்கும் பலர் அணியின் நட்சத்திரங்கள் அல்ல. முதலாம் ஆண்டு மாணவர்கள், மாற்று வீரர்கள். பயிற்சியாளரின் கண்ணில் பட அவர்களுக்குக் கிடைக்கும் சில நொடிகள் இவை. வேகத்தைக் குறைக்க அவர்களில் யாருக்கு மனசு வரும்?

என்னென்ன மாறியது?

* 2007: உதைக்கும் இடம் 35-வது யார்டு கோட்டிலிருந்து 30-க்குப் பின்னால் தள்ளப்பட்டது. பந்தைப் பிடித்து ஓடுவது அதிகமாக வேண்டும், விறுவிறுப்பு கூட வேண்டும் என்பதே நோக்கம்.

* 2010: பந்துடன் ஓடுபவருக்கு முன்னால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் தோளோடு தோள் சேர்ந்து சுவர்போல ஓடுவதற்குத் தடை வந்தது. இந்த உத்திக்கு வயசு அதிகம். 1892-ல் ஹார்வர்டு அணி யேல் அணிக்கு எதிராக இறக்கிய ஆப்பு வடிவ வியூகத்தின் வாரிசு அது.

* 2012: உதைக்கும் இடம் மறுபடியும் 35-க்கு வந்தது. பந்து கடைசிக் கோட்டைத் தாண்ட வாய்ப்பு கூடியது. டச்பேக் ஆனால் பந்து வைக்கும் இடம் 20-லிருந்து 25-க்கு உயர்ந்தது. உதைக்கும் அணியினர் பின்னாலிருந்து ஓடிவந்து வேகம் எடுக்கும் தூரமும் 5 யார்டாகச் சுருக்கப்பட்டது.

* 2018: பயிற்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? எதிரணிக்கு 25 யார்டு இலவசமாகக் கிடைப்பதைத் தடுக்க, பந்தைக் கடைசிக் கோட்டுக்குச் சற்று முன்னால் விழும்படி உயரமாக உதைக்கச் சொன்னார்கள். எதிரணி ஓடியே ஆக வேண்டிய நிலை. இதற்கு வந்த பதில்தான் 'ஃபேர் கேட்ச்' விதி. பந்து காற்றில் இருக்கும்போதே கையை உயர்த்தி ஆட்டி, 'நான் ஓடப்போவதில்லை' என்று சைகை காட்டிவிட்டுப் பிடிக்கலாம். 25-வது கோட்டுக்குள் எங்கே பிடித்தாலும் பந்து 25-க்கு வந்துவிடும்.

கவனித்தீர்களா? 'ஓடாதே' என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஓடி 20 யார்டு எடுப்பதா, ஓடாமலே 25 யார்டு வாங்கிக்கொள்வதா என்ற கணக்கை வீரர் முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான்.

வெறும் 5 யார்டு என்ன செய்துவிடும்?

இதற்கான தெளிவான பதில் ஐவி லீக்கிலிருந்து வந்தது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட 8 கல்லூரிகளின் கூட்டமைப்பு அது. 2016-ல் தங்கள் ஆட்டங்களில் மட்டும் உதைக்கும் இடத்தை 35-லிருந்து 40-க்கு முன்னகர்த்தினார்கள். கூடவே, அணிகள் வேண்டுமென்றே பந்தைக் குட்டையாக உதைக்காமல் இருக்க, டச்பேக் கோட்டை 25-லிருந்து 20-க்குக் குறைத்தார்கள்.

முடிவுகள் 2018-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியாயின. டச்பேக் ஆகும் கிக்-ஆஃப்கள் சுமார் 18 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாக உயர்ந்திருந்தன. ஆயிரம் கிக்-ஆஃபுக்கு ஏறக்குறைய 11 ஆக இருந்த மூளை அதிர்ச்சி, சுமார் 2 ஆகக் குறைந்திருந்தது. அதே காலத்தில் மற்ற ஆட்டங்களிலும் பாதிப்பு குறைந்தது என்றாலும், கிக்-ஆஃபில் ஏற்பட்ட சரிவு அதைவிடப் பெரியது.

புது ஹெல்மெட் இல்லை, புது மருந்து இல்லை. வரைந்த கோட்டை 15 அடி தள்ளி வைத்தார்கள்.

அப்படின்னா மொத்தமாக எடுத்துவிடலாமே?

இங்கேதான் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

1982 நவம்பர் 20. ஸ்டான்ஃபோர்டு அணி முன்னிலையில் இருக்கிறது, மிச்சம் 4 நொடி. கடைசி கிக்-ஆஃபைப் பிடித்த கலிஃபோர்னியா வீரர்கள் ஐந்து முறை பந்தைக் கைமாற்றி, ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து மைதானத்துக்குள் வந்துவிட்ட ஸ்டான்ஃபோர்டு இசைக்குழுவுக்குள் புகுந்து ஓடி 25-20 என்று ஜெயித்தார்கள். டச்பேக்கில் இப்படி ஒரு கதை பிறக்குமா? அதுமட்டுமல்ல, தோற்கும் அணி குட்டையாக உதைத்துப் பந்தைத் தானே திரும்பக் கைப்பற்றப் பார்க்கும் வாய்ப்பும் கிக்-ஆஃபில்தான் இருக்கிறது.

லெக்ராண்டின் பயிற்சியாளர் கிரெக் ஷியானோ ஒரு மாற்று யோசனை சொன்னார். புள்ளி எடுத்த அணிக்குத் தன் 30-வது கோட்டில் பந்தும் ஒரே ஒரு வாய்ப்பும் கொடுக்க வேண்டும். அந்த ஒரே முயற்சியில் 15 யார்டு முன்னேறிப் பந்தைத் தக்கவைக்கலாம். வேண்டாம் என்றால் அங்கிருந்தே எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிடலாம். எப்படியானாலும் இரு அணியினரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் தொடங்குவார்கள். கல்லூரி ஃபுட்பால் இதை இன்னும் ஏற்கவில்லை.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல் 2024-ல் வேறு வழிக்குப் போனது. உதைப்பவர் மட்டும் 35-ல் நிற்பார். அவருடைய அணியின் மற்ற 10 பேரும் முன்கூட்டியே போய் எதிரணிக்கு அருகில் நிற்க வேண்டும். பந்து தரையில் விழும்வரை அல்லது எதிரணி அதைத் தொடும்வரை அவர்கள் நகரக் கூடாது. வேகம் எடுக்க இடமில்லை, ஆனா ஓட்டம் உண்டு. முந்தைய ஆண்டு சுமார் 22 சதவீதமாக இருந்த ஓட்டங்கள் அந்த சீசனில் ஏறக்குறைய 33 சதவீதமாகக் கூடின. 2025 சீசன் வரை கல்லூரி அணிகள் இந்த முறைக்கு மாறவில்லை. அங்கே இன்னமும் ஓடிவந்துதான் மோதுகிறார்கள்.

அந்த 52-ம் எண்

2011 அக்டோபர் 29. பனி கொட்டிக்கொண்டிருந்த ரட்கர்ஸ் மைதானத்துக்குள் தன் அணிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் வந்தார் லெக்ராண்ட். 2013-ல் பல்கலைக்கழகம் அவருடைய 52-ம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. ரட்கர்ஸ் ஃபுட்பாலில் அந்த கௌரவம் பெற்ற முதல் வீரர் அவர்தான்.

இன்று ஒரு கல்லூரி வீரர் கையை உயர்த்தி ஃபேர் கேட்ச் சைகை காட்டும்போது அரங்கத்தில் சலிப்புச் சத்தம் எழலாம். அந்த ஒரு சைகையால் மைதானத்தில் 20 பேர் வேகத்தைக் குறைத்து, மோதாமல் நடந்து திரும்புகிறார்கள். அடுத்த நாள் வகுப்புக்கும் போவார்கள்.