பள்ளி நீச்சல் குளங்கள்: கரையில் நின்று கண்காணிப்பது யார்?

புது தில்லி: வெயில் ஏறத் தொடங்கியதும் தலைநகரின் பெரிய தனியார் பள்ளிகளில் நீச்சல் குளங்கள் தயாராகிவிடுகின்றன. குளத்தின் நீளம், தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம், பயிற்சியாளர் வென்ற பதக்கங்கள் ஆகியவை சேர்க்கைக் கையேடுகளில் வண்ணப் படங்களுடன் இடம்பெறுகின்றன. வகுப்பு நடக்கும்போது வேறு எந்த வேலையும் இல்லாமல் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்ற விவரத்தைக் கையேட்டில் தேடினால் அநேகமாகக் கிடைப்பதில்லை. பெற்றோரும் அதைக் கேட்பதில்லை.

பயிற்சியாளரே இருக்கிறாரே, காவலர் தனியாக எதற்கு என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். ஒரு மாணவனின் காலசைவைத் திருத்தக் குனியும் பயிற்சியாளர், அந்த நேரத்தில் மற்ற இருபது பேருக்கும் முதுகைக் காட்டி நிற்கிறார். மூழ்கும் குழந்தை கைகளை வீசிக் கூச்சலிடும் என்பது திரைப்படங்கள் வளர்த்த நம்பிக்கை. மூச்சுக்காகத் திணறும் வாயிலிருந்து குரல் எழும்புவதில்லை. கைகள் தண்ணீரை அழுத்தி உடலை மேலே கொண்டுவர முயலுமே தவிர, உதவி கேட்டு உயர்வதில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். மார்பளவு ஆழத்திலும் இது நிகழும். நன்கு நீந்தத் தெரிந்த மாணவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. வேகமாக மூச்சை இழுத்துவிட்டுப் பின்னர் நீருக்கடியில் அதிக நேரம் மூச்சடக்கும் போட்டியில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மயக்கம் வந்துவிடுகிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். இவற்றில் பள்ளி நீச்சல் குளங்களில் நேர்ந்தவை சிறு பகுதியாகவே இருக்கும். ஆனால், குளம், ஆறு, கடற்கரை, படகு என எங்கு நடந்தாலும், பள்ளியின் பொறுப்பில் இருந்த குழந்தை உயிரிழக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான். பெற்றோர் நம்பி ஒப்படைத்த குழந்தைக்குப் பள்ளி எந்த அளவுக்குப் பொறுப்பு?

2001இல் வந்த தீர்ப்பு: இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 24 ஆண்டுகளுக்கும் முன்னரே பதில் கூறிவிட்டது. 1995ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி, பஞ்சாப் மாநிலம் பதான்கோட் அருகேயுள்ள பள்ளி ஒன்றிலிருந்து பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லப்பட்ட மாணவர்களில் 14 பேர் ஆற்றில் மூழ்கி இறந்தனர். ஆசிரியர்கள் உடன் சென்றிருந்தும் இது நேர்ந்தது. ஆசிரியர்களின் கவனக்குறைவுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது என்றும், இழப்பீடு வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்றும் பள்ளித் தரப்பில் வாதிடப்பட்டது. இரண்டு வாதங்களையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊழியரின் பிழைக்கு அவரை அமர்த்தியவரே பொறுப்பு என்ற கோட்பாட்டைப் பள்ளிக்கும் பொருத்திய நீதிபதிகள், சிறுவர்களைப் பொருத்தவரை காட்ட வேண்டிய கவனம் பெரியவர்களிடம் காட்டுவதைவிட அதிகம் என்றனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரூ. 5 லட்சம் வழங்குமாறு ஹிமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீடு உறுதி செய்யப்பட்டது.

தீர்ப்பு தெளிவானது. ஆயினும் 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். 2024 ஜனவரியில் குஜராத் மாநிலம் வடோதராவில் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் பலியாயினர். கொள்ளளவை மீறி ஆள் ஏற்றியதும், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாததும் அப்போது வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பரில் கர்நாடகத்தின் முருடேஸ்வர் கடற்கரைக்குக் கல்விச் சுற்றுலா சென்ற 4 மாணவிகள் அலையில் சிக்கி இறந்தனர்.

வழிகாட்டுதல் உண்டு, அமலாக்கம்?: கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகியதையடுத்துத் தொடரப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. மத்திய கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், குழந்தை பள்ளியின் பொறுப்பில் இருக்கும்போது நேரும் கேட்டுக்கு நிர்வாகத்தையும் தலைமையாசிரியரையும் பொறுப்பாளிகளாக்குகின்றன. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தும் அவற்றை ஏற்றிருந்த மாநிலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தன. எல்லா மாநிலங்களும் அவற்றைச் செயல்படுத்த வேண்டும் என 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது.

தண்டனைச் சட்டமும் கடுமையாகியுள்ளது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சமாக 2 ஆண்டுகள் சிறை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் அது 5 ஆண்டுகள். ஆனால், இவையெல்லாம் உயிர் போன பிறகு வரும் சட்டங்கள். விபத்துக்கு முன்பு குளத்தைப் பார்வையிடுவது யார்? தில்லியில் நீச்சல் குளங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் நீண்ட காலம் மாநகரக் காவல் துறையிடம் இருந்தது. 2025 ஜூனில் அது உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குப்பை, வடிகால், சொத்து வரி எனப் பல சுமைகளைத் தாங்கும் மாநகராட்சி, பள்ளிக் குளத்தின் கரைக்கு எத்தனை முறை ஆள் அனுப்பும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பார்வையிட வருவோர் கவனிக்க வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவையும் அல்ல. ஆழம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா? தண்ணீரில் இறங்கும்போதும் ஏறும்போதும் தலைகள் எண்ணப்படுகின்றனவா? வகுப்பு இல்லாத நேரத்தில் வேலிக் கதவு பூட்டப்படுகிறதா? வலிப்பு நோயுள்ள மாணவர் யார் என்று பயிற்சியாளருக்குத் தெரியுமா? முதலுதவிப் பயிற்சி தனியாகக் குறிப்பிடத்தக்கது. மூழ்கிய குழந்தைக்கு முதல் தேவை காற்று. வயிற்றை அழுத்துவதும் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டிய மணித்துளிகளை விழுங்கிவிடுகின்றன.

தடை தீர்வல்ல: விபத்து நடந்ததும் நீச்சல் வகுப்பையே நிறுத்திவிடுவது நிர்வாகங்களுக்கு எளிது. ஆனால், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பதை உலக சுகாதார நிறுவனம் முக்கியத் தடுப்பு வழிகளில் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது. வங்கதேசத்தில் கிராமக் குளங்களிலேயே மூங்கில் மேடை அமைத்து, 25 மீட்டர் நீந்தவும் 30 விநாடி மிதக்கவும் சிறுவர்களுக்குக் கற்றுத்தரப்படுகிறது. எல்லைக்கு இப்பால், மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்றில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் லட்சத்துக்கு 240க்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்பது தெரியவந்தது. அந்த வயதுக்கு நீச்சல் உதவாது. வீட்டருகே வேலியும், தாய் வேலையில் இருக்கும் நேரத்தில் காப்பகமும்தான் தேவை. அவர்களின் அக்காள், அண்ணன்மார் படிக்கும் அரசுப் பள்ளிகளில் நீச்சல் குளத்தை எதிர்பார்க்க முடியாது. ஊர்க் குளம் மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறது.

நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான செயல்திட்ட வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 இறுதியில் வெளியிட்டது. பொது சுகாதாரமும் விளையாட்டும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அதன் பெரும்பகுதி மாநிலங்களின் விருப்பத்தைச் சார்ந்தது. கல்வி அப்படியல்ல. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது பொதுப் பட்டியலில் இருக்கிறது. நீச்சல் வகுப்பு நடத்தும் ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி பெற்ற உயிர்க்காவலர் ஒருவர் தனியாக இருந்தாக வேண்டும் எனச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.