ஒன்றா, ஒன்பதா? சாங்வியில் ஓர் எழுத்துப் பாடம்

பூனாவுக்கு வேலை தேடி வந்த புதிதில் எனக்கு நேர்ந்த ஒரு கூத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அறையில் உடன் தங்கியிருந்த நண்பர், "11-ம் நம்பர் பஸ்ஸில் ஏறு, கடைசி ஸ்டாப்பில் இறங்கு" என்று சொல்லி அனுப்பினார். முக்கால் மணி நேரம் நின்றேன். ஒரே நம்பர் பஸ் மூன்று முறை வந்து போயிற்று. அது 99 என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தேவநாகரியில் ஒன்று என்பது பார்வைக்கு நம் ஒன்பது மாதிரியே இருக்கும்! எஸ்.எஸ்.எல்.சி. படித்து, டைப்பிங் பாஸ் செய்து, ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த ஆள் நான். அன்றைக்குப் பஸ் நிலையத்தில் எழுத்தறியாதவனாகத்தான் நின்றேன்.

இந்த அனுபவம் பூனாத் தமிழர்களில் பலருக்கு வேறு வேறு வடிவில் உண்டு. ஏழு என்ற எண் ஆறைத் திருப்பிப் போட்டாற்போல் இருக்கும். ஆறு என்ற எண்ணோ மூன்றைத் திருப்பியது போல் இருக்கும். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லோராலும் அப்படிப் போக முடிவதில்லை.

சாமி படத்துக்குப் பின்னால் ஒரு காகிதம்

முளா நதிக்கும் பவனா நதிக்கும் இடையே இருக்கிறது சாங்வி. பாலத்தைத் தாண்டினால் அவுந்த். இந்தப் பக்கம் தாபோடி, அங்கே அரசு பஸ் கழகத்தின் பட்டறை, ராணுவப் பொறியியல் கல்லூரி. சற்றுத் தள்ளினால் கிர்க்கி. அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-ல் ஏற்பட்டது. மறுபுறம் பிம்ப்ரி, 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அங்கே வந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள். இந்தப் பட்டையில் பிழைக்க வந்த நம்மவர்களில் படித்தவர்களும் உண்டு, கைநாட்டுக்காரர்களும் உண்டு. 1982 முதல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி என்று ஒன்று இருக்கிறது. சாங்வி அதைச் சேர்ந்தது. ஆகவே வரி நோட்டீசிலிருந்து தடுப்பூசி அட்டை வரை எல்லாம் மராத்தியில்தான் வரும். வருவதும் நியாயம்தானே?

எங்கள் சந்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். விழுப்புரம் பக்கத்துக்காரர். அவுந்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பேரனைப் படிக்க வைக்கிறார். ஒரு நாள் மாலை ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா. பிள்ளை ஸ்கூல்ல குடுத்தாங்களாம்."

படித்தேன். ஏதோ உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு. கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஏம்மா, இதை முன்னாலேயே கொண்டு வரலையா?"

"முக்கியமான காகிதம்னு சொன்னான் தம்பி. அதான் பத்திரமா சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருந்தேன்."

அவரிடம் என்ன குற்றம் சொல்வது? படிக்கத் தெரியாதவர் காகிதத்துக்குக் காட்டுகிற மரியாதை, படித்த நாம் காட்டுவதைவிட அதிகம். பயன்தான் இல்லாமல் போகிறது. பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல இது. ஊரிலிருந்து மகள் எழுதும் கடிதத்தை மூன்றாம் மனிதர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. மருமகன் அடித்தான் என்ற செய்தி சந்து முழுக்கத் தெரிந்த பிறகுதான் தாய்க்குத் தெரிகிறது. இப்போது செல்போன் வந்துவிட்டதே என்பார்கள். அதில் வருகிற பாங்கு மெசேஜையும், 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதே' என்ற எச்சரிக்கையையும் யார் படித்துச் சொல்வது?

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவு மகாராஷ்டிரத்தில் 82.34 சதவீதம், தமிழ்நாட்டில் 80.09. பூனா ஜில்லாவில் 86.15. நல்ல எண்கள்தாம். ஆனால் தமிழ்நாட்டுப் பெண்களை மட்டும் தனியே எடுத்தால் 73.44. அதாவது நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்து தெரியாது. அந்தத் தாய்மாரில் சிலர்தாம் ரயிலேறி இங்கே வந்திருக்கிறார்கள்.

பூனா காட்டிய வழி

முதியோர் கல்வி என்றதும் ஏதோ சர்க்கார் ஸ்கீம் என்று நினைக்கிறோம். அது இந்தப் பூனா மண்ணிலேயே முளைத்த பயிர். மகாத்மா ஜோதிராவ் பூலேயும் அவர் துணைவியார் சாவித்ரிபாயும் 1848-ல் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தது பலருக்குத் தெரியும். (அந்தப் பழைய கட்டடம் 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது, அங்கே நினைவகம் எழுப்புவது என்பது திட்டம்.) ஆனால் 1855-ல் அதே தம்பதிகள் உழைப்பாளிகளுக்கும் குடியானவர்களுக்கும் இரவுப் பள்ளி ஒன்று நடத்தியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பகலெல்லாம் வேலை செய்தவன் இரவில் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். இதைச் செய்ததற்காக அந்தத் தம்பதிகள் பட்ட வசவு கொஞ்சமல்ல. 1882-ல் ஹண்டர் கமிஷன் முன்பும் பூலே சாமானிய மக்களின் ஆரம்பக் கல்விக்காகத்தான் வாதாடினார்.

1959-ல் பக்கத்துச் சதாரா ஜில்லாவில் கிராம சிக்ஷண் மொஹீம் என்ற இயக்கம் கிளம்பியது. ஒரு கிராமத்தில் அனைவரும் எழுதப் படிக்கக் கற்றதும் ஊர் கூடி 'கிராம கௌரவ' விழா எடுப்பார்கள். தனி மனிதனுக்குப் பட்டம் கொடுப்பதற்குப் பதில் ஊருக்கே கௌரவம்! பக்கத்து ஊருக்கு ரோஷம் வராமல் இருக்குமா?

1978 அக்டோபர் 2-ந் தேதி தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வந்தது. ஐந்து ஆண்டில் 10 கோடிப் பேர் என்பது இலக்கு. ராந்தல் விளக்கும் கரும்பலகையும் வந்து சேர்ந்தன. பல இடங்களில் ஆள்தான் வந்து சேரவில்லை. 1988-ல் எழுத்தறிவு இயக்கம் என்று மீண்டும் தொடங்கியபோது சம்பளத்துக்குப் பதில் தொண்டர்களை நம்பினார்கள். அது ஓரளவு பலித்தது. நம் புதுக்கோட்டையில் 1991-ஐ ஒட்டி நடந்த அறிவொளி இயக்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு கூடவே பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்கும்படி செய்தார். கல்குவாரிப் பெண்கள் சைக்கிளில் போன காட்சி அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

இளஞ்சிவப்புப் புடவையில் பாட்டிமார்

'இந்த வயசிலா?' என்று கேட்பவர்களுக்குத் தாணே ஜில்லா முர்பாட் தாலுகாவில் பாங்கணே என்ற சிற்றூரைக் காட்ட வேண்டும். 2016 மார்ச் 8-ந் தேதி, மகளிர் தினத்தன்று, யோகேந்திர பாங்கர் என்ற ஜில்லா பரிஷத் ஆசிரியர் அங்கே ஒரு பள்ளி ஆரம்பித்தார். அதன் பெயர் 'ஆஜிபாயீஞ்சி ஷாளா', அதாவது பாட்டிமார் பள்ளி. சேர வயது அறுபதுக்கு மேல்! தொண்ணூறை எட்டிய பாட்டியும் வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் இளஞ்சிவப்பு நிறப் புடவைதான் சீருடை. தோளில் பை, கையில் சிலேட்டு. வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிற்பகல் வேளையில் வகுப்பு. பேரப் பிள்ளைகளே சிலருக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர்கள் ஏன் வந்தார்கள் தெரியுமா? வேலைக்காக அல்ல, சலுகைக்காக அல்ல. புண்ணியக் கதை ஏடுகளைப் பிறர் படிக்கக் கேட்டுக்கொண்டே ஆயுள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைத் தாமே படிக்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையைக் காது கொடுத்துக் கேட்ட ஆசிரியரைத்தான் நான் மெச்சுவேன். புடவை நிறம் பத்திரிகைப் படத்துக்கு அழகு; வகுப்பு நேரத்தைப் பாட்டிமாருக்கு வசதியாக வைத்ததுதான் பள்ளியை ஓட்டியது என்பது என் எண்ணம்.

எந்த எழுத்தை முதலில்?

நம்மவர்களிடையே எப்போதும் வருகிற சண்டை இது. தமிழ் தெரியாமல் மராத்தி எதற்கு என்று ஒரு கட்சி. இங்கே பிழைக்கிறவனுக்குத் தமிழ் எழுத்து சோறு போடுமா என்று இன்னொரு கட்சி. என் கணக்கில் இரண்டும் அரை உண்மை. பேசத் தெரிந்த மொழியில்தான் எழுத்து சீக்கிரம் ஏறும். ஒரு மொழியில் எழுத்தும் ஒலியும் பிடிபட்டால் அடுத்தது பாதி வழி வந்துவிடும். ஆனால் இங்கேயே பிறந்து மராத்தியில் சரளமாகப் பேசும் மருமகளுக்குத் தமிழிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது வீம்பு.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சுலப வழி. பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே என்ற ஆசிரியர் 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு எழுத்து கற்பித்தார். 'அ, ஆ' என்று ஆரம்பிக்காமல், அவர்கள் தினமும் புழங்குகிற சொல்லைப் பிரித்துக் காட்டுவது அவர் முறை. செங்கல் என்ற சொல் அதில் பேர் பெற்றது. நாமும் நம் பஸ் பலகையிலிருந்து தொடங்கலாமே!

'சாங்வி' என்று தேவநாகரியில் எழுத ஸ, க, வ என்று மூன்றே எழுத்து. ஒரு கால், ஒரு ஈகாரக் கொக்கி, தலைமேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில்தான் நாம் தடுமாறுவோம். தமிழில் தலையில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போய்விடும். தேவநாகரியில் புள்ளி வைத்தால் மூக்கொலி கூடும். இந்த ஒரு புள்ளி தெரிந்தால் சாங்வி மட்டுமா? பிம்ப்ரி, சிஞ்ச்வட், பிம்ப்ளே, அவுந்த் எல்லாவற்றிலும் அதே புள்ளி! நம் தமிழில் 'க' ஒன்று என்றால் அங்கே நாலு. அதற்கு மட்டும் பொறுமை வேண்டும். ஆனால் நமக்கு ஒரு சலுகை உண்டு. நம் 'ள' மராத்தியில் அப்படியே இருக்கிறது. 'வேள்' என்றால் நேரம், 'ஜவள்' என்றால் அருகில். 1932 முதல் பூனாவில் வெளிவரும் தினசரியின் பெயரே 'சகாள்', காலை. பிம்ப்ளேயிலும் அதே ள தான். பொது வழக்கு இந்தியில் இல்லாத இந்த ஒலியைத் தமிழன் நாக்கு சிரமமில்லாமல் சொல்லும்.

குமாஸ்தாக்களுக்கு வேலை இருக்கிறது

2022-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த புதிய எழுத்தறிவுத் திட்டத்துக்கு 'உல்லாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேளிக்கை என்று எண்ண வேண்டாம்! 2022-23 முதல் 2026-27 வரை ஐந்தாண்டில் 5 கோடிப் பேருக்கு, 15 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் எழுத்தும் எண்ணும் கற்பிப்பது நோக்கம். கற்பிப்பவர் சம்பளம் இல்லாத தொண்டர். பரீட்சை 150 மார்க்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50. மகாராஷ்டிரத்தில் முதல் பரீட்சை 2024 மார்ச் 17-ந் தேதி நடந்தது. தேறியவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடமே இதற்கு மையம். எனவே அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்த்தால் போதும். எந்த மொழியில் எழுதலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

பாதியில் படிப்பை நிறுத்திய இளைஞர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. பூனாவிலேயே தலைமையகம் கொண்ட மாநிலத் தேர்வு வாரியத்தில் தனித் தேர்வராக 10-ம் வகுப்பு எழுத '17 நம்பர் பாரம்' என்று கேட்க வேண்டும்.

எழுத்தறிவு இயக்கக் காலத்தில் ஒருவர் எழுதப் படிக்கக் கற்க சுமார் 200 மணி நேரம் என்று கணக்கிட்டார்கள். தினம் ஒரு மணி என்றால் ஆறரை மாதம். இரண்டு ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு அது முடியாது. பாதி நாள் வரமாட்டார்கள். அதற்காக நிறுத்திவிடக்கூடாது. வராதவர் வீட்டுக்கு மறுநாள் ஒருவர் போய் வர வேண்டும். சங்க விழாவுக்கு வசூல் செய்ய வீடு வீடாக ஏறுகிற நம் இளைஞர்களுக்கு இது புதிதா என்ன?

அந்தப் பெரியம்மாவுக்கு ஞாயிறு மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் பாடம் நடக்கிறது. தமிழில் தம் பெயர் எழுத மூன்று வாரம் ஆயிற்று. பிறகு மராத்தியிலும் கேட்டார். முதல் பாடமாகச் 'சாங்வி' எழுதச் சொன்னேன். கால் போட்டார், கொக்கி போட்டார், புள்ளியை விட்டுவிட்டார். நானும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வந்ததும் சிலேட்டை வாங்கி, எழுதி, தலைமேல் புள்ளியை அழுத்தி வைத்தார்.

"பஸ் போர்டுல பார்த்தேன் தம்பி. நீ சொல்லவே இல்லையே" என்று கோபித்துக்கொண்டார்.