கண்மாயில் இறங்குற காலுக்கு கவசம்: கம்பூட் போட்டா பாம்பு கடிக்காதா?

மதுரை:
வைகையில் தண்ணீர் வந்துவிட்டால் கோச்சடை பக்கம் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று வேடிக்கை பார்க்க. இன்னொன்று வயிற்றுப் பிழைப்புக்கு. மீன் பிடிப்பவர்கள், மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள், நண்டு தேடுபவர்கள், ஆகாயத்தாமரை அள்ளும் கூலி ஆட்கள் என்று பலரும் இறங்குவது வெறுங்காலோடுதான். கைலியை மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் திறந்தவெளி. மாடக்குளம், துவரிமான் கண்மாய்களிலும் இதே கதைதான்.

ஏன் பூட்ஸ் போடக் கூடாது என்று கேட்டால், "சேத்துக்குள்ள கால் மாட்டிக்கும்ணே, நடக்க வராது" என்று பதில் வரும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் உயிருக்கு உலை வைக்கிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு சராசரியாக 58 ஆயிரம் பேர். கடி விழுவதில் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்காலிலும்தான்.

தண்ணிக்குள்ள இல்ல, கரையில!

தண்ணீருக்குள் காலைச் சுற்றுவதும், வலையில் சிக்குவதும் பெரும்பாலும் தண்ணிப் பாம்பு. கோபக்காரப் பாம்பு. பிடித்தால் விடாமல் கடிக்கும், ரத்தமும் வரும். ஆனால் ஆளைக் கொல்லும் விஷம் அதற்குக் கிடையாது.

ஆளைக் கொல்வது வேறு நான்கு. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். தவளைக்கும் எலிக்கும் ஆசைப்பட்டு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கரைப் புல்லுக்குள் கிடக்கும். நாணல் புதர், வரப்பு, கல் இடுக்கு, நண்டு வளை எல்லாமே அவற்றுக்கு வீடு. ஆக, ஆபத்து அதிகம் இருப்பது நடுத்தண்ணீரில் அல்ல. இறங்குகிற அந்த நாலு அடியிலும், ஏறுகிற நாலு அடியிலும்தான். வேலை முடிந்தது என்று பூட்சைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு புல்லுக்குள் வெறுங்காலோடு நடப்பது, மழை விட்ட பிறகு குடை பிடிக்கிற கதை இல்லை. மழைக்கு முன்னாடியே குடையை மடக்குகிற கதை.

எதைப் போடலாம்?

முழங்காலுக்குச் சற்று கீழே வரை வரும் ரப்பர் அல்லது பி.வி.சி. கம்பூட், ஹார்டுவேர் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எந்தப் பாம்பின் பல்லும் ஏறாது என்று இதற்கு உத்தரவாதம் இல்லை. கண்ணாடி விரியனின் விஷப்பல் நீளமானது. ஆனாலும் பூட்ஸ் கொஞ்சம் தளர்வாக இருந்தால், பல் ரப்பரைத் தாண்டினாலும் உள்ளே காலுக்கு எட்டாமல் போக வாய்ப்பு உண்டு. அதனால் காலைக் கவ்விப் பிடிக்கிற சைஸ் வாங்க வேண்டாம். வைகைக்குள் கிடக்கும் உடைந்த பீர் பாட்டிலுக்கும் இதுவே மருந்து. பாம்பு என்றைக்காவது கடிக்கும், பாட்டில் தினமும் கிழிக்கிறது.

பூட்ஸ் வாங்க முடியாதவர்களுக்கு கேன்வாஸ் ஷூ, தடித்த சாக்ஸ், பழைய ஜீன்ஸ் பேண்ட். இதைக் கேலியாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விரியன் இனப் பாம்புகளைக் கடிக்கவிட்டு சோதித்ததில், ஜீன்ஸ் துணி சுற்றிய செயற்கைக் கைக்குள் இறங்கிய விஷம் பாதிக்கும் மேல் குறைந்தது. சேறு அதிகமான இடத்தில் கம்பூட்டை விட கயிறு கட்டும் ஷூதான் உருவிக்கொண்டு போகாமல் நிற்கும்.

மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பும் இருக்கிறது. 'வேடர்' என்று பெயர். பாதாள சாக்கடை வேலைக்காக 2013-ல் வந்த மத்திய அரசு விதிகளில், வேலை கொடுப்பவர் தர வேண்டிய சாதனங்களின் பட்டியலிலேயே பூட்ஸ் சேர்ந்த வேடர் உண்டு. கண்மாயில் ஆகாயத்தாமரை அள்ளுபவர்களுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும், ஒப்பந்தக்காரரிடம் கம்பூட்டாவது கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு எச்சரிக்கை. கம்பூட்டுக்கு மேலே தண்ணீர் ஏறினால் உள்ளே நிறைந்து கால் கல்லாய்க் கனக்கும். மணல் அள்ளிய பள்ளம் இருக்கிற ஆற்றில் அது பாம்பை விடப் பெரிய எமன். முழங்கால் ஆழத்துக்கு மேல் கம்பூட்டோடு போகவே கூடாது. வேடர் போட்டால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும், விழுந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்குவது தாமதமாகும். முன்னால் ஒரு கம்பை ஊன்றி ஆழம் பார்த்துப் போவது நல்லது. அதே கம்பு புல்லைத் தட்டவும் உதவும்.

காலை மூடியாச்சு, கை? நண்டு வளைக்குள் கை விடுபவருக்கு எந்த பூட்சும் காவல் இல்லை. கம்பியால் நெம்பி எடுக்கலாம், கை வேண்டாம்.

கடிச்சிருச்சுன்னா...

தண்ணிப் பாம்புதானே என்று தானாக முடிவு கட்டி வீட்டுக்குப் போகக் கூடாது. கலங்கல் தண்ணீரில் எது கடித்தது என்று யாருக்குத் தெரியும்? கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வீங்குவதற்கு முன்பே பூட்ஸ், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்து வரத் தேவையில்லை. அந்த நான்கு பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். மதுரை பெரியாஸ்பத்திரியில் காசு கிடையாது. கடித்த இடத்தை விட, ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்பதைத்தான் டாக்டர்கள் முதலில் பார்ப்பார்கள். தமிழகத்தில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிப்பது தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் கட்டாயம்.

ராத்திரி கம்பூட்டை வாசலில் அப்படியே நிறுத்தி வைத்தால், விடிவதற்குள் தேளோ குட்டிப் பாம்போ குடியேறியிருக்கும். இரண்டு குச்சியை நட்டு தலைகீழாகக் கவிழ்த்து வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தாலும், காலை விடும் முன் ரெண்டு தட்டு தட்டிவிட்டே மாட்ட வேண்டும்.