லாஸ்ட் டேட் தள்ளிப்போனா யாருக்கு லாபம்?

அசைன்மென்ட் தேதியை ரெண்டு தடவை தள்ளி வச்சா, மூணாவது தடவை யாராவது டைமுக்கு எழுதுவோமா? மத்திய அரசின் வரிச் சலுகையிலும் இதே கேள்விதான்.

2020 மார்ச்சில் ‘விவாத் சே விஸ்வாஸ்’ சட்டம் வந்தது. வருமான வரி வழக்குகளை முடிக்க ஒரு சலுகை. வழக்கில் இருக்கிற வரி 1 லட்சம், அதுக்கு மேல வட்டி, அபராதம் 80 ஆயிரம்னு வச்சுக்கோங்க. அந்த 1 லட்சத்தைக் கட்டினா போதும், மீதி தள்ளுபடி. மார்ச் 31 தாண்டினா 10 சதவீதம் கூடுதல்.

ஆனா அந்த மார்ச் 31, ஜூன் 30 ஆச்சு. அப்புறம் டிசம்பர் 31. அப்புறம் 2021 மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட். கடைசியா செப்டம்பர் 30. மொத்தம் 7 நீட்டிப்பு!

இதில் நியாயமும் இருக்கு. முதலில் கொரோனா. கடைசி நீட்டிப்புக்கு, வரித்துறை தரவேண்டிய படிவம் 3-இல் ஏற்பட்ட சிக்கல்தான் காரணம். அதுக்குக் கட்டுறவங்க என்ன செய்வாங்க?

ஆனா கணக்கும் போடுங்க. அந்த 1 லட்சம் 18 மாசம் 5 சதவீத வட்டியில் இருந்தா 7,500 ரூபாய் கிடைக்கும். முதல் தேதியிலேயே கட்டினவருக்கு அது இல்லை.

2024-இல் வந்த ரெண்டாவது ஸ்கீமிலும் டிசம்பர் 31, 2025 ஜனவரி 31 ஆச்சு. அடுத்த தடவை ‘கெடு நீட்டிப்பு’னு செய்தி வந்தா, தாமதம் யாரால வந்ததுன்னு முதலில் பாருங்க.