வியர்வை என்னும் காவல்

சித்திரை வெயிலில் உழுபவரின் உடலும் மார்கழிப் பனியில் நீர் பாய்ச்சுபவரின் உடலும் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே நிற்கின்றன. மூளையின் அடியிலுள்ள சிறு பகுதியொன்றே இதற்குக் காவல். சூடு மிகுந்தால் அது வியர்வையைச் சுரக்கச் செய்கின்றது. வியர்வை ஆவியாகுங்கால் உடற்சூடும் தணிகின்றது. மட்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே.

ஆயின் வியர்வையோடு நீரும் உப்பும் கழிகின்றன. ஈடு செய்யாவிடில் தசைப்பிடிப்பும் தலைச்சுற்றலும் தோன்றும். உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்து நினைவு தடுமாறினால் உயிருக்கே இடர். அத்தகையவரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உடனே மருத்துவமனையிற் சேர்த்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

வேலைத்தலங்களைப் பார்வையிடுங்கால் நாம் முதலில் தேடுவது நிழலையும் குடிநீர்ப் பானையையுமே. அவற்றை அமைப்பது ஊராட்சி உறுப்பினர் கடமை. தாகம் எடுக்குமுன்னரே நீரும் உப்பிட்ட மோரும் பருகுவது உழவர் கடமை.