ஆடியது ஆளா, என்ஜினா?

2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக இணையத்தில் நடந்த காட்சிச் சதுரங்க ஆட்டங்களில் தொழிலதிபர் நிகில் காமத் விஸ்வநாதன் ஆனந்தைத் தோற்கடித்தார். பொழுதுபோக்குக்காக ஆடுபவர், ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவரை வீழ்த்துவதா? ஊரே சந்தேகப்பட்டது. கணினியின் உதவியோடு ஆடியதை மறுநாளே அவர் ஒப்புக்கொண்டார்.

அங்கே பலத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்ததால் உடனே பிடிபட்டது. ஏறக்குறைய சமபலமுள்ள இரண்டு பிள்ளைகள் ஆடும்போதுதான் சிக்கல். உலகச் சாம்பியனையே வெல்லும் ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின், அதாவது சதுரங்கம் ஆடும் மென்பொருள், எந்தத் திறன்பேசியிலும் இலவசமாக ஓடும்.

நகர்வுகளைவிடக் கடிகாரம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். வெட்டிய காயைத் திருப்பி வெட்ட யாரும் யோசிப்பதில்லை. குழப்பமான நிலை வந்தால் நிமிடக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வோம். என்ஜினைப் பார்த்து ஆடுபவர் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுப்பார். வெற்றி உறுதியானதும் மனிதர் காய்களைக் குறைத்துப் பத்திரமாக முடிக்கப் பார்ப்பார். என்ஜினுக்குப் பயம் கிடையாது. சிக்கலான வழி சற்றே மேலானது என்றால் அதிலேயே போகும்.

ஆனால் இவையெல்லாம் சந்தேகத்துக்குத்தான் காரணம், ஆதாரம் ஆகாது. எதிராளி தொடக்கத்திலேயே கோட்டைவிட்ட குட்டி ஆட்டத்தில் சாதாரண மாணவனுக்கும் என்ஜின் அளவுகோலில் 95 சதவீதத் துல்லியம் வந்துவிடும். முதல் பதினைந்து நகர்வுகளை மனப்பாடமாக ஆடும் பிள்ளைகள் ஏராளம். என்ஜினிடமே பாடம் படித்து வளர்ந்தவர்களின் ஆட்டத்தில் என்ஜின் வாடை அடிக்கத்தானே செய்யும்? கெட்டிக்காரத் திருடனோ முழு ஆட்டத்துக்கும் உதவி தேடமாட்டான். திருப்புமுனையில் ஒரே ஒரு நகர்வு போதும் அவனுக்கு. ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே வாய்க்கும் அபூர்வ ஆட்டம் என்றாலும், ஒரு லட்சம் பேர் ஆடும் தளத்தில் நூறு பேருக்கு அது நேர்மையாகவே வாய்த்துவிடும்.

உலகச் சாம்பியனாக இருந்த காஸ்பரோவே இதில் தடுமாறியிருக்கிறார், அதுவும் எதிர்த்திசையில். 1997இல் டீப் புளூ கணினியுடன் ஆடிய இரண்டாம் ஆட்டத்துக்குப் பிறகு, இது இயந்திரம் ஆடும் ஆட்டமல்ல, பின்னால் மனிதர் இருக்கிறார் என்று சந்தேகித்தார். அது கடைசிவரை நிரூபணமாகவில்லை.

சந்தேகம் வந்தால் எங்கே போய்ச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2015 துபாய் போட்டியில் ஜார்ஜியாவின் நிகாலிட்ஸே அடிக்கடி கழிப்பறைக்குப் போவதைக் கவனித்த எதிராளி நடுவரிடம் சொன்னார். அங்கே ஒளித்துவைத்த கைபேசி சிக்கியது. மூன்றாண்டுத் தடையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பறிபோனது. 2022இல் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன், ஹான்ஸ் நீமனிடம் தோற்றதும், அவர்மேல் சந்தேகப்பட்டு சிங்க்ஃபீல்டு கோப்பையிலிருந்து விலகினார். இணையத்தில் சிறுவயதில் ஏமாற்றியதை நீமன் ஒப்புக்கொண்டார். ஆனால் நேரடிப் பலகையில் ஏமாற்றியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சரியான காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்குச் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 10,000 யூரோ அபராதம் போட்டது.

நேரடிப் போட்டியில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரை அழைக்க ஃபிடே விதியில் இடமுண்டு. எதிராளியோடு வாக்குவாதம் வேண்டாம். உங்கள் பிள்ளையைச் சோதிப்பதானால் தனியிடத்தில், அதே பாலினத்தவர்தான் சோதிக்க வேண்டும். இதைக் கேட்டுப் பெறலாம். சட்டைப்பையில் மறந்துபோய் வைத்திருந்த கைபேசியும் ஆட்டத்தைப் பறித்துவிடும்.

இணையத்தில் புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் ஆன நேரமும், அந்த ஆட்டக்காரரின் பழைய ஆட்டங்களும் தளத்திடமே இருக்கின்றன. ஏமாற்றியது உறுதியானால் இழந்த ரேட்டிங் திரும்பக் கிடைக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு ‘திருடன்’ என்று எழுதினால், பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி அவதூறு வழக்கு உங்கள்மேல் பாயலாம். இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

உங்கள் பிள்ளையின் கணக்கே முடக்கப்பட்டால்? முதலில் பிள்ளையிடம் அடிக்காமல், மிரட்டாமல் கேளுங்கள். பின்னால் நின்று அப்பா ‘குதிரையை எடு’ என்று சொன்னதும் விதிமீறல்தான். தவறு நடக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். நடந்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், சில தளங்கள் மறுவாய்ப்பு தருகின்றன. முடிவு வரும்வரை வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்க வேண்டாம். நேர்மையான பிள்ளையின் முறையீட்டையும் அது கெடுத்துவிடும்.