நோய்க்கும் மொத்த விலை உண்டு

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை வியாபாரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வைத்தியத்திலும் அதுவே நடக்க வேண்டும் என்பேன் நான்.

தாய்வானில் தொழிலாளர், அரச ஊழியர், விவசாயிகளுக்குத் தனித்தனிக் காப்புறுதிகள் இருந்தன. சனத்தொகையில் சுமார் 40 சதவீதத்தினர் எதிலும் சேரவில்லை. 1995 மார்ச் 1ஆம் திகதி அனைவருக்கும் ஒரே அரச நிதியம் வந்தது. வருமானத்துக்கேற்பச் சந்தா; தனியார் வைத்தியசாலைக்கும் பெரும்பங்கை நிதியமே செலுத்துகிறது. பணம் கொடுப்பவர் ஒருவரே என்பதால் கட்டணத்தையும் மருந்து விலையையும் அவரே நிர்ணயிக்கிறார். சந்தாவை இடைக்கிடை உயர்த்த நேர்ந்ததும் உண்மையே.

இங்கு அரச வைத்தியசாலை இலவசம்தான். ஆனால் வெளியே மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஒவ்வொருவரும் சில்லறை விலையே கொடுக்கிறோம். அதில் கரைவது கடையின் முதல். ஒன்றாகச் சேர்ந்து வாங்க நாமும் ஏன் யோசிக்கக் கூடாது?